தெரிந்த ஃபைலா, தெரியாத ஃபைலா? 'ஹாஷ்' கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வழக்கில் லேப்டாப் பறிமுதல் செய்யப்படுகிறது. உள்ளே லட்சக்கணக்கான ஃபைல்கள். பெரும்பாலானவை விண்டோஸ், பிரவுசர் போன்ற மென்பொருள்களோடு வந்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கணும்னா மாதக்கணக்கில் ஆகும். இங்கேதான் 'ஹாஷ்' கைகொடுக்கிறது.

ஹாஷ் என்றால் என்ன?

ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் உள்ள தரவு முழுவதையும் கணக்கிட்டு உருவாக்கும் குறியீடு அது. எஸ்ஹெச்ஏ-256 முறையில், ஃபைல் சின்னதோ பெரிசோ, எண்களும் எழுத்துகளும் கலந்த 64 இலக்கங்கள் வரும். உள்ளே ஒரு கமா மாறினாலும் குறியீடு மொத்தமாக மாறிவிடும். ஆனால், ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் ஹாஷ் மாறாது. அதனால் பெயரை மாற்றி ஒளித்து வைப்பது பலிக்காது.

எதோடு ஒப்பிடுகிறார்கள்?

அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு, மென்பொருள்களைச் சேகரித்து, அவற்றில் உள்ள ஃபைல்களின் ஹாஷ் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. தடயவியல் ஆய்வாளர்கள் லேப்டாப்பில் உள்ள ஹாஷ்களை அதனுடன் ஒப்பிட்டு, பொருந்துபவற்றை ஒதுக்கிவிடலாம். மிச்சமிருக்கும் ஆவணங்கள், படங்கள், அறிமுகமில்லாத புரோகிராம்களில் கவனம் செலுத்தினால் போதும்.

பட்டியலில் இருந்தால் பாதுகாப்பானதா?

அப்படி இல்லை. 'தெரிந்தது' வேறு, 'நல்லது' வேறு. ஹேக்கிங்குக்குப் பயன்படும் மென்பொருள்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாததெல்லாம் ஆபத்தானதும் அல்ல. நீங்கள் தயாரித்த ரெஸ்யூமே அதில் இருக்காதே!

பழைய முறைகளில் இன்னொரு சிக்கல். வெவ்வேறு பிடிஎஃப் ஃபைல்கள் இரண்டுக்கு ஒரே எஸ்ஹெச்ஏ-1 ஹாஷ் வரும்படி செய்ய முடியும் என்று 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் காட்டின. அதைவிடப் பழைய எம்டி5 முறையும் பலவீனமானதுதான்.

நமக்கு இதில் என்ன?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துடன் தரப்படும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். எம்டி5, எஸ்ஹெச்ஏ-1, எஸ்ஹெச்ஏ-256 மூன்றுமே அந்தப் படிவத்தில் உள்ளன.

பறிமுதலின்போதே ஹாஷ் பதிவானால், பிறகு யாராவது ஒரு ஃபைலைச் சேர்த்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், ஹாஷ் எடுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. அதனால் ஹாஷ் என்ன என்று கேட்பதோடு, அது எப்போது எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.