உள்ளூருக்கென்று ஒரு கோப்பு

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும், கரண்டு வந்ததும் கணினி தன் வேலைகளைத் தானே தொடங்க வேண்டும். யூனிக்ஸில் இந்தத் தேவைக்கு அரை நூற்றாண்டு வயது. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் அமைப்புக்காக லூயி பூசான் எழுதிய ‘ரன்காம்’, ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்த கட்டளைகளை ஓட்டியது. அந்தப் பெயரின் மிச்சம்தான் யூனிக்ஸின் ‘ஆர்சி’. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அது சில வரிகள் கொண்ட ஒரே கோப்பு. பழைய பதிவுகளைத் துடை, கிரானைக் கிளப்பு, அவ்வளவுதான்.

பெர்க்லியின் பிஎஸ்டி இதோடு ‘ஆர்சி.லோக்கல்’ என்ற இன்னொன்றைச் சேர்த்தது. பொதுவான தொடக்க வேலைகள் ஆர்சியில் இருக்கும். அந்தந்த இடத்துக்கான வேலைகளை அங்கே இருப்பவர் இதில் எழுதிக்கொள்ளலாம். உள்ளூருக்கென்று பெயர் போட்டு ஒதுக்கிய இடம் இது. சிஸ்டம் ஃபைவ் மரபோ ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்கிரிப்ட் வைத்து, பெயரில் எண் போட்டு வரிசைப்படுத்தியது. லினக்ஸ் இரண்டையுமே எடுத்துக்கொண்டது.

இரண்டும் வரிசையை நம்பியவை. அந்த நம்பிக்கையின் விலை தெரிய வேண்டுமென்றால் மின்வெட்டு காலத்துத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும். 2012இல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. திருமங்கலம் போகிற வழியில் இருக்கும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரி இடங்களில், ஒரு சின்னப் பட்டறையின் சர்வருக்கென்று தனி ஆள் போட முடியுமா? அப்படிப்பட்ட பட்டறை ஒன்றின் ஆர்சி.லோக்கலைத் திறந்து பார்த்திருக்கிறேன். முதல் வரி ‘ஸ்லீப் 90’. கரண்டு வந்தால் ரவுட்டரும் சர்வரும் ஒன்றாகத்தான் கண்விழிக்கும். சர்வர் முந்திக்கொண்டால் அடுத்த கட்டளைக்கு நெட்வொர்க் இருக்காது. அந்த 90 எந்தக் கையேட்டிலும் கிடையாது. அந்த ரவுட்டரை யாரோ நின்று பார்த்துக் கணக்குப் போட்ட விநாடிகள்.

2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி இந்த இடத்தில்தான் கைவைத்தது. எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லாதே, எதற்குப் பின் தொடங்க வேண்டும் என்று சொல். விழுந்தால் நானே எழுப்புகிறேன் என்றது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் அதற்கு மாறின. அதற்கு முன்பே பெரிய சண்டை. டெபியனிலிருந்து டெவுவான் என்று ஒரு கிளையே பிரிந்துபோனது.

சிஸ்டம்டி சொல்வது சரிதான் என்பது என் கட்சி. ஆனால், ‘நெட்வொர்க் வந்துவிட்டது’ என்று அது சொல்வது பெரும்பாலும் தன் பெட்டியின் இணைப்பைப் பார்த்துத்தான். பக்கத்து அறை ரவுட்டருக்கு அப்பால் இணையம் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. அதனால் திரும்பத் திரும்ப முயலும்படி நிரலை எழுதுவதே நல்லது. அந்த 90 விநாடிக்காரருக்கு இது முன்பே தெரியும். அதை எழுதிவைக்க அவருக்குக் கிடைத்தது ஒரு எண் மட்டுமே.

ஆர்சி.லோக்கல் இப்போது பல லினக்ஸ்களில் தானாக வருவதில்லை. ஆனால் நாமே அதை எழுதி, இயக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், டெபியனிலும் உபுண்டுவிலும் சிஸ்டம்டி இன்றும் அதை ஓட்டுகிறது.