கார் பெட்டரியிலிருந்து லித்தியம் வரை: வாங்க முன் கொஞ்சம் வரலாறு



2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடு முழுக்க கரண்ட் போனது நினைவிருக்கும். நல்ல வெயில். ஆனாலும் கூரை நிறைய சோலார் பூட்டிய வீடுகளிலும் ஃபேன் நின்றது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்போதும் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பெட்டரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். அன்றிலிருந்து பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த பெட்டரி வாங்கலாம்?"

ஒவ்வொரு பெட்டரியும் எந்த வேலைக்காக வந்தது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஈய அமில பெட்டரியை 1859 இல் பிரான்ஸ் நாட்டு காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பெட்டரி அது. 1912 இல் கெடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் அதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. ஆனால் கார் பெட்டரியின் வேலை சில விநாடிகள் பலமாக உதைத்துவிட்டு உடனே மீண்டும் நிறைவது. அதற்காகவே அதன் தகடுகள் மெல்லியவை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கரண்ட் வராத வீடுகளில் டீவி ஓடியது அந்தக் கார் பெட்டரியில்தான். சைக்கிள் கெரியரில் கட்டி சார்ஜ் கடைக்குக் கொண்டு போவோம். மெட்ச் முடிய முன்னரே படம் சுருங்கி அணைந்துவிடும். பெட்டரியும் சீக்கிரம் செத்துப் போகும். பிழை பெட்டரியில் இல்லை. உதைக்கப் பிறந்ததை நாங்கள் மரதன் ஓட விட்டோம்.

சோலாருக்கென்று தடித்த தகடுள்ள டியூபியூலர் வகை உண்டு. அதையும் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் ஆயுள் குறையும். காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

லித்தியத்தின் கதை 1970களில் விட்டிங்ஹாமிடம் தொடங்குகிறது. 1980 இல் குட்இனஃப் கோபால்ற்றைச் சேர்த்தார். 1985 இல் யோஷினோ பாதுகாப்பான வடிவம் தந்தார். 1991 இல் சோனி விற்பனைக்கு விட்டது. மூவருக்கும் 2019 இல் நோபல் பரிசு. இந்த வகையின் சிறப்பு குறைந்த எடை. கையில் தூக்கும் கமராவுக்கும் போனுக்கும் அது பெரிய விஷயம்.

சுவரில் பூட்டும் பெட்டரிக்கு எடை ஒரு பிரச்சினையா? 1997 இல் குட்இனஃப் குழுவினர் இரும்பும் பொஸ்பேற்றும் கொண்ட இன்னொரு வகையை வெளியிட்டார்கள். எல்எஃப்பி என்று கடைகளில் சொல்வது இதைத்தான். எடை சற்றுக் கூட. ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் செய்யலாம். டெஸ்லாவின் வீட்டு பெட்டரியும் மூன்றாம் தலைமுறையில் இதற்கே மாறியது.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ற், 200 ஏஎச் ஈய பெட்டரியில் இருப்பது 2.4 யுனிட். பாதிதான் பாவிக்கலாம் என்பதால் கையில் 1.2. அதன் பாதி அளவான 100 ஏஎச் எல்எஃப்பியில் இருப்பது 1.28 யுனிட், 90 சதவீதம் பாவித்தால் 1.15. இரண்டும் ஒரு ஃபேன், சில பல்ப், ஒரு ரவுட்டருக்கு ஏறத்தாழ ஓர் இரவு போதும். ஆகவே பெட்டியில் எழுதிய ஏஎச்சை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட வேண்டாம்.

எப்போதாவது கரண்ட் போகும் வீட்டுக்கு, கையில் காசு குறைவென்றால், டியூபியூலர் போதும். ஒவ்வோர் இரவும் பெட்டரியில் ஓட்டப் போகிறவருக்கு எல்எஃப்பிதான் கடைசியில் மலிவு. நகை அடகு வைத்து வாங்குபவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகை? எத்தனை யுனிட் பாவிக்கலாம்? எத்தனை வருட உத்தரவாதம், எழுத்தில் தருவீர்களா?

இன்னொன்று. பழைய ஈய பெட்டரியை வீட்டு முற்றத்தில் உடைக்க வேண்டாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

2022 இல் 13 மணிநேரம் இருட்டில் இருந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் மேசைக்கு மேலே ஒரு பல்ப் எரிந்தால் போதும். அதிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.