பெம்ப்ரோக் கரையோரம் ஒரு பகல்

வேல்ஸ் தேசத்தின் தென்மேற்குக் கோடியில், மேற்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பெம்ப்ரோக்‌ஷயர் பிரதேசத்துக்கு வருகிறவர்கள், அதன் செங்குத்துப் பாறைகளையும் ஓயாத அலைகளையும் கண்டு, இது மனித சஞ்சாரமே அறியாத இயற்கையின் ராஜ்யம் என்று எண்ணிவிடுவது சகஜம். ஆனால் ஒயிட்சாண்ட்ஸ் மணற்கரையில் காலையில் புறப்பட்டு, ஏறியும் இறங்கியும் ஏறத்தாழ 10 மைல் நடந்து, மாலையில் போர்த்கைன் துறைமுகத்தை அடைகிறவனுக்கு, இந்தக் கரையின் சரித்திரம் கல்லோடு மல்லாடிய ஜனங்களின் சரித்திரமே என்பது ஐயமறப் புலப்படும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வருவது செயின்ட் டேவிட் முனை. அங்கே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஈமச் சின்னமொன்றின் பெரிய மூடுகல், ஒருபுறம் ஒற்றைக் கல்லால் தாங்கப்பட்டு, மறுபுறம் தரையைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. ஆர்தர் அரசன் விளையாட்டாக வீசிய எறிவட்டு என்று பிற்கால ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அருகிலேயே, முனையின் குறுக்கே கற்களைக் குவித்து எழுப்பிய மதில் கிடக்கிறது. 'வீரர்களின் மதில்' என்று வெல்ஷ் மொழியில் வழங்கும் அதற்கு அப்பால், இரும்புக் காலத்துக் குடும்பங்கள் வாழ்ந்த வட்டக் குடிசைகளின் அடித்தளங்களைப் புல்லுக்கிடையே இன்றும் காணலாம்.

வெகுதூரம் நடந்தபின் வருகிற அபெரைதியில், கல்லை வெட்டி விற்றுப் பிழைத்த காலம் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் நாம் கண்ட சிலேட்டின் இனத்தைச் சேர்ந்த கல்லை, கூரை வேய்வதற்காக இங்கே குடைந்தெடுத்தார்கள். கடற்கரையில் உதிர்ந்து கிடக்கும் கறுப்புத் தகடு ஒன்றைப் பிளந்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால், இசைக்கவையைப் போல இரண்டு கிளையாகப் பிரிந்த சின்னஞ்சிறு கோடுகள் மினுமினுக்கும். அவை ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ஜீவன்களின் சுவடுகள். குவாரி 1910-ஐ ஒட்டி மூடப்பட்டது. பின்பு கரையின் பாறைச் சுவரை உடைத்து வழிவிட்டதும் கடல் உட்புகுந்து, உழைப்பாளிகள் தோண்டிய பள்ளம், 25 மீட்டர் அளவு ஆழமுள்ள நீலத் தடாகமாகிவிட்டது. இன்று அதன் அழகைக் கண்டு வியக்கிறவர்களில் பலர், அது மனிதன் வெட்டிய குழி என்பதை அறியமாட்டார்கள்.

அபெரைதியின் சிலேட்டு, தண்டவாளப் பாதை வழியே போர்த்கைனுக்குப் போய்க் கப்பலேறியது. சிலேட்டில் கழிந்த தூளையும் வீணாக்காமல் அரைத்துச் செங்கல் சுட்டார்கள். அதன்பின் பாறையை உடைத்து, சாலைக்கு வேண்டிய ஜல்லியாக்கி, அளவு வாரியாகப் பிரித்து, துறைமுகத்தின் விளிம்பில் செங்கல்லால் கட்டிய பிரம்மாண்டமான தொட்டிகளில் நிரப்பி, அங்கிருந்து கப்பலுக்குள் சரியவிட்டார்கள். 1931-ல் அந்தத் தொழிலும் நின்றது. தொட்டிகள் மட்டும் கோட்டைச் சுவர்போல இன்னமும் நிற்கின்றன.

இந்தப் பாதையும் தானாக உண்டானதன்று. 1952-ல் இக்கரை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, இயற்கை ஆராய்ச்சியாளர் ரொனால்ட் லாக்லி கரை முழுவதையும் ஆராய்ந்து வழி வகுத்தார். நிலச் சொந்தக்காரர்களிடம் வழியுரிமை பெற்று, ஓடைகளுக்கு மரப்பாலமிட்டு, 186 மைல் நீளப் பாதை 1970-ல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. தனியார் வேலிகளுக்குள் அடங்கியிருந்த கரையை ஏழையும் செல்வனும் ஒருங்கே நடக்கும் உரிமை நிலமாக்கிய அந்தக் காரியம், மதில் எழுப்பியதைவிட மேலானது என்பதே என் கருத்து. அங்கே செல்லும் பாக்கியம் பெறுகிறவர்கள், போர்த்கைனை அடைந்ததும், கடலை நோக்குமுன் அந்தச் செங்கற் சுவரின் எதிரே சற்று நின்று, பெயர் தெரியாத அந்த உழைப்பாளிகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.