சித்தப்பாவின் ஹெரால்டா, டாக்டரின் ஃபியட்டா?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே வழக்கு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் போக மிச்சம் வைத்திருந்ததில் ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். "எதுக்குங்க இந்த வயசுல?" என்று கேட்கிற கட்டத்தை என் மனைவி தாண்டிவிட்டாள். எந்தக் கார் என்பதில்தான் இழுபறி.

ஒன்று, சோழவந்தானில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய ஷெட்டில் நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1964-ல் வாங்கியது, இரண்டு கதவு. 1989-ல் ஓட்டம் நின்றது. அதற்குப் பிறகு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சித்தப்பா மகன், "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, இடம் காலியானாப் போதும்" என்கிறான். காசு வேண்டாம்.

இன்னொன்று, நரிமேட்டில் காலமான ஒரு டாக்டர் வீட்டில் இருக்கும் ஃபியட் 1100 டிலைட். 1968 மாடல். பெயின்ட் வெளுத்து, கூரையில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. பின் சீட்டு ரெக்ஸின் இரண்டு இடத்தில் கிழிந்து, கையால் தைத்திருக்கிறார்கள். ஆனால் சாவியைப் போட்டால் ஓடுகிறது. டாக்டரின் மகள் கேட்பது ஒன்றே முக்கால் லட்சம்.

இலவசமாகக் கிடைக்கும் கார், காசு கொடுத்து வாங்கும் கார். கணக்கு சுலபம் என்றுதான் நினைத்தேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செய்த ஹெரால்டு. யார் எத்தனை கார் செய்யலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதெல்லாம் டெல்லியின் கையில். பணத்தைக் கட்டிவிட்டு ஃபியட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஹெரால்டுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. சித்தப்பா ஹெரால்டு வாங்கியதற்கு அழகு ஒரு காரணம், சீக்கிரம் கிடைத்தது இன்னொரு காரணம். இரண்டாவதை அவர் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை.

அழகான கார்தான். வடிவம் கொடுத்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் 1959-லும் இங்கே 1961-லும் வந்தது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் முழுவதும் தட்டில் வைத்த மாதிரி கண்ணுக்கு முன்னால் நிற்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கீழவாசல் சந்துகளில் சித்தப்பா அதைத் திருப்பும்போது மாட்டுவண்டிக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த கம்பெனி 1980-களின் முடிவில் மூடியே போனது. அதனால் இன்று ஒரு ஹெரால்டுக்குக் கதவுக் கண்ணாடி வேண்டும் என்றால், உடைந்துபோன இன்னொரு ஹெரால்டைத்தான் தேடிப் போகவேண்டும்.

மதுரைக்காரனுக்கு மோட்டார் மேல் ஒரு உரிமை உண்டு. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீல் தொழிலையும், ரயில்வே, பேங்க் வேலைகளையும் பார்த்துவிட்டு, 1910-களின் தொடக்கத்தில் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரைதான் அதற்குத் தலைமையிடம். அந்த பஸ் போகும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக என் அப்பா சொல்வார். மாட்டு லாட ஆணி டயரில் ஏறாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். 1972-ல் வழித்தடங்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. நான் கல்லூரிக்குப் போனது அந்த பஸ்ஸில்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டை டி.வி.எஸ். தயாரித்தது. பெட்ரோல் வண்டியாகக் கப்பலில் வந்தது, கரிவாயு வண்டியாகிப் போரைக் கடந்தது. போர் முடிந்ததும் மறுபடி பெட்ரோல். பழைய கார் பிரியர்கள் 'அசல்' 'அசல்' என்று சொல்கிறார்களே, இப்படிப்பட்ட வண்டிக்கு அசல் எது? ஃபேக்டரியை விட்டு வந்த நாளா, கரிப்பெட்டியைச் சுமந்த நாளா? வகுப்பில் பையன்களிடம் இதைக் கேட்டால் "ரெண்டும்தான் சார்" என்று தப்பித்துக்கொள்வார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான பதில்.

சரி, சோழவந்தானுக்கு வருவோம்.

முனிச்சாலைப் பக்கம் மகனோடு சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு போனேன். எழுபத்தாறு வயது. பதினான்கு வயதிலேயே பஸ் ஒர்க்ஷாப்பில் ஸ்பானர் பிடித்தவர். ஷெட் கதவைத் திறந்ததும் எலி வாடை. கோழி ஒன்று பின் சீட்டிலிருந்து இறங்கிப் போனது. அவர் காரைச் சுற்றி வரவே இல்லை. சாக்கை விரித்து நேரே அடியில் படுத்துவிட்டார். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். இரும்பு முறுக்கு மாதிரி உதிர்ந்தது.

எங்கள் மதுரைச் சமவெளியில் இரண்டு மண் உண்டு. உசிலம்பட்டி, கள்ளிக்குடி பக்கத்து வறண்ட காட்டில் நின்றிருந்தால் இந்தக் கார் பெயின்ட் மட்டும் போய்ப் பிழைத்திருக்கும். சோழவந்தான் வைகைப் பாசனத்து ஊர். வாய்க்கால், நெல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால் என்று வருடம் முழுக்க ஈரம். போதாக்குறைக்குப் பக்கத்தில் மாட்டு மூத்திரம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதைக் குடித்திருக்கிறது அந்த இரும்பு.

பெரியவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வண்டியில பாடி தனி, சேசிஸ் தனி. போல்ட்டக் கழட்டிப் பாடியத் தூக்கிரலாம் சார், அது ஒண்ணும் கஷ்டமில்ல. தூக்குனப்புறம் எதத் திருப்பி மாட்டப் போறோம்?"

எஞ்சின் பிடித்துக்கொண்டுவிட்டது, போர் அடித்துப் பிஸ்டன் மாற்ற வேண்டும். தரைத் தகடு முழுக்கப் புதிது. கதவின் அடிப்பகுதி வெட்டி வெல்டிங். வயரிங் எலி தின்றது போக மிச்சம் எதுவும் இல்லை. டிங்கரிங், பட்டி, பெயின்ட். "அஞ்சு லட்சம் எடுத்து வையுங்க. ரெண்டு வருசம்னு நான் சொல்லுவேன், நீங்க மூணுன்னு வச்சுக்கங்க." ஆர்.சி. புத்தகம் எங்கே என்று சித்தப்பா மகனிடம் கேட்டேன். தேடுகிறான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் காரில்தான் என் அம்மாவைப் பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்தது என் தங்கை. நான் முன் சீட்டில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்; ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் தாளம் போட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போகவிடுவதா?

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போவேன். 1636-ல் கட்டியது. பேரன் சொக்கநாத நாயக்கர் அதில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். இடிந்து கிடந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். பிறகு 1970 வரை கோர்ட்டு அங்கேதான் நடந்தது. தூணைத் தடவிப் பார்க்கிற பையன், "இது நாயக்கர் பூசுனதா சார்?" என்பான். எது நாயக்கர் காலத்துச் சுண்ணாம்பு, எது நேப்பியர் காலத்துப் பூச்சு, எது நேற்று அடித்தது என்று பிரித்துக் காட்ட என்னால் முடிந்ததில்லை. ஆனால் நேப்பியர் கை வைக்காவிட்டால் தடவிப் பார்க்கத் தூணே இருந்திருக்காது. அதையும் சொல்லிவிடுவேன்.

மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு தீப்பிடித்ததே, வீர வசந்தராயர் மண்டபம், அங்கேயும் அதே நிலைமைதான். தீயின் சூட்டில் வெடித்த கல்லை ஒட்டவா முடியும்? நாமக்கல் மாவட்டத்திலிருந்து புதுக்கல் கொண்டுவந்துதான் தூண் செதுக்க வேண்டியிருந்தது. மண்டபம் ஒன்றுதான் இருக்கிறது, வேறு வழி கிடையாது. ஆனால் நன்றாக நிற்கிற கோயில் சுவரை, அழுக்கு என்று சொல்லி மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்களே, கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கிப் போக, அதை மன்னிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. பளிச்சென்று இருந்தது. படிக்கத்தான் எதுவும் இல்லை.

ஹெரால்டு மகால் வகை. ஃபியட் கல்வெட்டுச் சுவர் வகை. இது எனக்குப் புரிந்தது நரிமேட்டுக்கு இரண்டாம் முறை போனபோது.

டாக்டரின் மகள் காபி கொடுத்துவிட்டு, காரின் டேஷ்போர்டு அறையிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து வந்தார். அப்பா எழுதியது, காரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் என்றார். 1968-லிருந்து ஒவ்வொரு ஓட்டமும் மையில் எழுதியிருக்கிறது. தேதி, ஊர், போட்ட பெட்ரோல், கொடுத்த காசு. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர், ராத்திரி இரண்டு மணி. சில இடங்களில் "பீஸ் இல்லை" என்று ஓரத்தில். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும், அடுத்த சில மாதங்களுக்குப் பக்கங்கள் மெலிந்துவிடுகின்றன; உள்ளூருக்கு "சைக்கிள்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். எந்த வருடம் எந்த டயர் மாறியது, எப்போது கிளட்ச் தட்டு மாறியது, யார் மாற்றினார், எல்லாம் இருக்கிறது. பின் சீட்டுக் கிழிசலுக்கும் ஒரு வரி உண்டு. வலியில் துடித்த ஒரு நோயாளியின் கை அது.

அந்தக் காரைப் பிரித்துப் புது ரெக்ஸின் போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்தால் அந்த நோட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். எழுத்து ஒரு பக்கம், அது எதைப் பற்றி எழுதப்பட்டதோ அது ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

சட்டம் பற்றியும் கேட்டுக்கொண்டேன். 2021-ல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கப் போக முடியாத கார் எனக்கு எதற்கு? டாக்டர் வீட்டில் ஒவ்வொரு முறையும் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அதையே தொடர்ந்துகொள்ளலாம்.

போன மாதம் ஃபியட்டை வாங்கிவிட்டேன்.

சோழவந்தான் விஷயத்தில் மனசு ஆறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒருவர் தன் ஹெரால்டை ஓட்டத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு பானெட்டும், பின் அச்சும், கதவுக் கண்ணாடிகளும் வேண்டுமாம். பெரியவர்தான் விசாரித்துச் சொன்னார். சித்தப்பா மகன் சரி என்றான். அவர்கள் கழற்ற வந்த நாளில் நானும் ஃபியட்டை எடுத்துக்கொண்டு போனேன். பரவை தாண்டியதும் முக்கித் திணறியது, சமயநல்லூரில் நின்றுவிட்டது. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் ட்யூப் தாங்காது என்று பெரியவர் முன்பே எச்சரித்திருந்தார். நான்தான் ஒத்திப்போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் மகன் டூவீலரில் வந்து ட்யூப் மாற்றினான்.

நான் போய்ச் சேரும்போது பானெட் லாரியில் ஏறியிருந்தது. ஸ்டியரிங்கை மட்டும் எனக்காகக் கழற்றித் திண்ணையில் வைத்திருந்தார்கள்.

வீடு திரும்பி நான்காவது நோட்டில், டாக்டரின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: சோழவந்தான், போய்வர. பெட்ரோல் ட்யூப் மாற்றியது, 180 ரூபாய். என் மனைவி எட்டிப் பார்த்து, "ஒன்றே முக்கால் லட்சத்தையும் எழுதுங்க" என்றாள்.

முன் சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. ஃபியட் 1100-க்கு நல்ல கிங்பின் புஷ் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.