முதுமையும் மீள்வருகையும்: கமல்ஹாசனின் திரைவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்பட நாயகன் முதுமையடைவதில்லை. எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978இல் வெளியானபோது அவர் 60 வயதை எட்டியிருந்தார். திரையிலோ அவர் வாளேந்திய இளம் வீரர். நாயகனின் மாறா இளமையிலே இரசிகன் தன் இளமையையும் கண்டான் எனலாம். இம்மரபின் பின்னணியிலேயே, 1986இல் படைக்கப்பட்ட சாகச நாயகன் ஒருவன் 36 ஆண்டுகளின் பின்னர் நரைத்த தாடியுடன் ஓய்வு துறந்து மீண்ட நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும்.

1954இல் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன், 1960இல் வெளியான 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானார். 'மூன்றாம் பிறை' (1982), 'நாயகன்' (1987), 'இந்தியன்' (1996) ஆகிய மூன்று படங்களும் அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தன. இவற்றுட் பின்னைய இரண்டிலும் அவர் முதுமையை நடித்தார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 'நாயகன்' வெளியான வேளையில் அவருக்கு வயது 33கூட நிறைவெய்தவில்லை. எனினும் பேரன் கண்ட கிழவராக அப்படத்தில் மாண்டார். 'இந்தியன்' படத்தின் சேனாபதியோ விடுதலைப் போராட்டத் தலைமுறையைச் சேர்ந்த முதியவர். ஏனைய நாயகர்கள் இளமையைக் காக்க ஒப்பனை செய்துகொண்ட துறையில், இவர் முதுமையை வரவழைக்க ஒப்பனை செய்துகொண்டார்.

சுஜாதாவின் எழுத்தில், இராஜசேகரின் இயக்கத்தில், 1986இல் வெளியான 'விக்ரம்', திருடப்பட்ட ஏவுகணையை மீட்கச் செல்லும் உளவாளியின் கதை. மேனாட்டு உளவுப் படங்களின் சாயலில் பெருஞ்செலவில் உருவான அப்படம் எதிர்பார்த்த வெற்றியை ஈட்டவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் பிராங் மில்லர், பத்தாண்டு ஓய்வின் பின்னர் 55 வயதில் முகமூடியை மீண்டும் அணியும் பேட்மனைச் சித்திரக்கதையாகத் தீட்டினார். மேலைநாட்டுச் சாகச வீரனுக்கு அங்கு வயது வந்துவிட்டது. தமிழ்த் திரையின் சாகச வீரனுக்கு அவ்வயது வருவதற்கு மேலும் 36 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நடிகரும் இடையில் திரையை விட்டு விலகினார். 2018இல் மக்கள் நீதி மய்யம் என்னும் கட்சியைத் தொடங்கிய அவர், 2021 சட்டமன்றத் தேர்தலில் கோயம்புத்தூர் தெற்குத் தொகுதியில் தோல்வியுற்றார். 2018 ஓகஸ்டில் வெளியான 'விஸ்வரூபம் 2' படத்தின் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் நடித்த படம் எதுவும் வரவில்லை. 2022 யூன் 3ஆம் திகதி, லோகேஷ் கனகராஜின் இயக்கத்தில் 'விக்ரம்' என்ற அதே பெயரில் வெளியான படம் அவரது திரைவாழ்வின் மிகப்பெரிய வணிக வெற்றியாயிற்று.

இவ்வெற்றியின் காரணத்தைப் படத்தின் அமைப்பிலேயே காணலாம். அதன் முற்பகுதியில் நாயகன் பெரும்பாலும் பிறர் வாய்மொழியாகவே அறிமுகமாகின்றான். குடிகாரன் என்பார் சிலர். பேரன்மீது உயிரையே வைத்தவன் என்பார் சிலர். தன் மரணத்தையே நாடகமாக்கிக் கர்ணன் என்னும் பெயரில் மறைந்திருந்தவன் அவன். விராட நாட்டில் பாண்டவர் கழித்த அஞ்ஞாதவாசத்தை இது நினைவூட்டுகின்றது. வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த மூதாட்டியும் பழைய படையணியைச் சேர்ந்தவளே என்பது வெளிப்படும் காட்சியில் திரையரங்கு ஆரவாரித்தது. இவர்களை மீள அழைத்தது வீரப்புகழன்று; மகனின் கொலையும் எஞ்சிய கைக்குழந்தையுமே.

இதற்கு மாறான சான்று 2024 யூலை 12ஆம் திகதி வெளியான 'இந்தியன் 2'. நூறு வயதைக் கடந்திருக்கவேண்டிய சேனாபதி, இளைஞரின் அழைப்பை ஏற்றுத் தாய்நாடு திரும்பி முன்போலவே தண்டனை வழங்குகின்றார். இடைப்பட்ட காலம் அவரிடமிருந்து எதையும் பறித்ததாகத் தெரியவில்லை. நடிகர் ஒருவரே, முதுமையும் ஒன்றே, ஆயினும் படம் தோல்வியுற்றது. மீண்டு வருபவனின் ஆற்றலைக் காட்டிலும் அவன் இழந்தவற்றின் கணக்கையே மக்கள் நாடுகின்றனர் என்பது இவ்விரு படங்களையும் ஒப்புநோக்குமிடத்துப் புலனாகும்.

இழப்பின் இக்கணக்கை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கறியும். 'நாயகன்' வெளியான 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, அத்தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலையில் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் இந்தியப் படையினராற் கொல்லப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் மின்சாரம் அற்றுப்போயிற்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். மின்பிறப்பாக்கியை இயக்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊரார் கூடிப் படம் பார்த்தமை போர்க்கால வழக்கமாயிற்று. ராஜா, வெலிங்டன், மனோகரா, லிடோ என்ற பெயர்கள் ஒரு தலைமுறைக்குத் திரையரங்குகளாகவும் அடுத்த தலைமுறைக்கு முதியோரின் நினைவுகளாகவும் அமைந்தன. இரு 'விக்ரம்' படங்களுக்கும் இடைப்பட்ட காலம் இங்கு வெறும் இடைவேளையன்று.

அக்காலத்தின் நடுவே, ஆனையிறவுத் தளம் வீழ்ந்த 2000ஆம் ஆண்டிலே, 'தெனாலி' வெளியாயிற்று. அதில் கமல்ஹாசன், எல்லாவற்றுக்கும் அஞ்சும் ஈழத்து அகதியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். போர் விளைத்த அச்சம் அங்கு நகைப்புக்குரிய பொருளாயிற்று என்பது தள்ளற்பாலதன்று. எனினும் அஞ்சாமையே நாயக இலக்கணமாயிருந்த திரையில், அச்சத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டென்பது அப்படத்தினாற் பதிவாயிற்று.

ஓய்விலிருந்து மீளும் சாகச வீரனையும் அச்சத்திலிருந்து மீளாத அகதியையும் ஒரே நடிகர் நடித்தார். முன்னவனுக்கு எதிரியை வென்றதும் கதை முடிகின்றது. பின்னவனைப் போன்றோர் பலருக்கு மீண்டு வருவதற்கு வீடோ, காணியோ, காத்திருக்கும் உறவோ எஞ்சவில்லை. 2022 யூனில் எரிபொருளுக்காக நீண்ட வரிசைகளில் நின்ற இலங்கை மக்களுக்கு, முதியவன் ஒருவன் எழுந்து நின்று போரிடும் காட்சி ஆறுதல் அளித்திருக்கலாம். அவ்வாறுதல் மெய்யானதே, ஆயினும் மீள்வருகை எளிதன்று என்ற அறிவோடு அதனை ஏற்பதே, தான் வாழ்ந்த காலத்தை மறவாத இரசிகனுக்கு அழகாகும்.