இருபத்தோரிலக்க எண்ணொன்றின் வரலாறு

ஓரெண் முதன்மை எண் அன்று என அறிதல் வேறு. அதனை வகுக்கும் காரணிகள் இவை என அறிதல் வேறு. காரணியைக் காட்டாது முன்னதை நிறுவுதல் எங்ஙனம் என்று எவரும் ஐயுறுவர். அது கூடும் என்பதற்கு 147573952589676412927 என்னும் எண்ணின் வரலாறு சான்றாகும். இரண்டின் 67 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது இவ்வெண்.

பாரிசிலே துறவியாய் வாழ்ந்த மாரின் மேர்சென் என்பார் 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில், இவ்வாறு இரண்டின் வலுவில் ஒன்று குறைத்துப் பெறும் எண்களைப் பற்றி எழுதினார். சுட்டி 257 வரையில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கே முதன்மை எண் கிடைக்கும் என்பது அவர் கூற்று. இத்தகைய முதன்மை எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும் என யூக்கிளிட் முன்னரே காட்டியிருந்தமையால் இப்பட்டியல் பெருமதிப்புப் பெற்றது. 1, 2, 3 என்னும் தன் வகுத்திகளின் கூட்டுத்தொகையாய் அமையும் 6 போன்றதே நிறைவெண். பட்டியலைப் பெற்ற வழியை மேர்சென் விளக்கினாரல்லர். பதினைந்து இருபது இலக்கமுடைய எண்ணைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்றும் அவரே எழுதியுள்ளார்! 31 என்னும் சுட்டியை ஒயிலர் 1772 இல் மெய்ப்பித்தார். 67 என்பதோ 232 ஆண்டுகள் பெரியாரொருவரின் வாக்கு என்ற அளவிலேயே நின்றது.

1876 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா அதனை மறுத்தார். அவர் கண்ட சோதனை 1930 இல் லேமர் என்பவரால் எளிய வடிவம் பெற்றது. 4 இல் தொடங்கி, எண்ணை வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொண்டு மேற்செல்லல் வேண்டும். சுட்டி 5 ஆயின் சோதிக்கப்படும் எண் 31. முதற்படியில் 14, அடுத்து 194, அதனை 31 ஆல் வகுக்க மீதி 8, 8 இன் வர்க்கத்தில் 2 கழிய 62, அதனை வகுக்க மீதி சுழியம். சுட்டியினும் இரண்டு குறைந்த படியில், இங்கு மூன்றாம் படியில், சுழியம் வந்தமையால் 31 முதன்மை எண். சுழியம் வாராதாயின் அது சேர்த்தி எண். சுட்டி 67 ஆயினும் 65 படிகளே. ஆயின் இவற்றுள் எப்படியும் காரணியைக் காட்டாது. லூக்கா குற்றத்தை நிறுவினார், குற்றவாளி அகப்படவில்லை.

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல் அதனைப் பிடித்தார். இவ்வெண்ணின் காரணி எதுவும் 134 இன் மடங்கொன்றினும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். வர்க்க மீதிகளைக் கொண்டு அவர் தேடும் களத்தை மேலும் சுருக்கினார். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் தந்த விடை:

193707721 × 761838257287

முதற்காரணி 134 இன் 1445580 மடங்கினும் ஒன்று கூடியது. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் சென்றன என்றும் ஈ. ரி. பெல் பின்னாளில் எழுதினார். பெல் கதைக்குச் சுவையூட்டுவதில் வல்லவர். பெருக்கற் கணக்கோ அவர் சான்றை வேண்டி நிற்பதன்று.

பட்டியலின் ஏனைய பிழைகளும் வெளிப்பட்டன. 61 ஐ உருசிய நாட்டுப் பாதிரியார் பெர்வூசின் 1883 இலும், 89, 107 ஆகியவற்றைப் பவர்சு 1911, 1914 ஆம் ஆண்டுகளிலும் சேர்த்தனர், 257 நீங்கிற்று. 67 என்பது 61 இன் அச்சுப்பிழை என மேர்சென்னுக்காக வாதிப்போர் உளர். அங்ஙனமாயினும் எஞ்சிய மூன்று பிழைகளுக்கு அவ்வாதம் உதவாது.

இன்று கணினி இவ்வெண்ணின் காரணிகளை நொடிப்பொழுதில் தந்துவிடும். ஆயினும் இரண்டின் 1277 ஆம் வலுவில் ஒன்று குறைந்த 385 இலக்க எண், லூக்காவின் வழியால் சேர்த்தி எண் என நிறுவப்பட்டும், காரணியொன்றேனும் அறியப்படாது நிற்கின்றது.