கண்ணாடிப் பேழையும் நெசவாளியின் பெயரும்

இலண்டன் தென் கென்சிங்டனிலுள்ள விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையைப் பற்றி நம்மவர் பேசும்போது திப்புவின் புலியே முதலில் நினைவுக்கு வருகிறது. 1799இல் சிறீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது அள்ளப்பட்ட அம் மரப்பொறி கொள்ளையின் சாட்சி என்பதில் ஐயமில்லை. எனினும் 'கொள்ளை' என்ற ஒற்றைச் சொல்லோடு இந் நிறுவனத்தின் வரலாற்றை முடித்துவிட இயலாது. அங்குள்ள துணிகளின் கதை இன்னும் சிக்கலானது.

1851இல் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சியின் பிள்ளை இந் நூதனசாலை. பிரித்தானியத் தொழிற்சாலைப் பொருட்கள் வடிவமைப்பில் இந்தியக் கைத்தறிகளின் முன் எடுபடவில்லை என்பதை ஓவன் ஜோன்ஸ் போன்ற அவர்களது விமர்சகர்களே அன்று ஒப்புக்கொண்டனர். 1852இல் ஹென்றி கோலின் பொறுப்பில் தொடங்கி, 1857இல் தென் கென்சிங்டனுக்கு இடம் மாறிய இந் நிறுவனம், உற்பத்தியாளருக்கும் தொழிலாளருக்கும் நல்ல இரசனையைக் கற்பிக்க முயன்றது. பகலில் உழைப்போரும் வரவேண்டுமென்று எரிவாயு விளக்கேற்றி இரவிலும் திறந்து வைத்தார்கள். இதிலிருந்த ஜனநாயகக் கூறை மறுப்பதற்கில்லை.

இதன் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி 1801இல் நிறுவிய இந்தியா நூதனசாலை. கம்பனியாட்சி 1858இல் முடிவுற்றபின் அதன் பொறுப்பிலிருந்த ஜோன் போர்ப்ஸ் வொட்சன், 1866இல் 700 இந்தியத் துணி மாதிரிகளை 18 தொகுதிகளாக்கினார். சென்னை மாகாணத்துச் சேலைகளும் வேட்டிகளும் அவற்றில் அடக்கம். தயாரான 20 பிரதிகளில் 13 பிரித்தானியாவுக்கு. 7 மட்டுமே இந்தியாவுக்கு. இந்தியர் எதனை, எந்த நீள அகலத்தில் உடுத்துகிறார்கள் என்று பிரித்தானிய ஆலைகள் அறிந்து, அதையே இயந்திரத்தில் நெய்து அவர்களுக்கே விற்கவேண்டும் என்பதே நோக்கம். துணியை வெட்டி ஒட்டியவர்கள் அளவையும் ஊரையும் குறித்தார்கள். நெய்தவர் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1879இல் இச் சேகரிப்பின் பெரும்பகுதி தென் கென்சிங்டனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் கைந்நூல் எழுதிய ஜோர்ஜ் பேர்ட்வூட் இந்தியக் கைவினைகளை மனமாரப் புகழ்ந்தவர். அவரே 1910இல், இந்தியாவில் நுண்கலை இல்லையென்று கூறி, ஜாவாவின் புத்தர் சிலையொன்றை அவித்த புடிங்குக்கு ஒப்பிட்டார். கை உண்டு, மூளை இல்லை என்பதே இதன் சாரம். காலனித்துவத்தின் பாராட்டும் ஒருவகை ஒடுக்குமுறையாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப் பார்வையை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கண்டிக் கைவினைஞர் பற்றிய தமது பெருநூலை 1908இல் வில்லியம் மொறிஸின் அச்சியந்திரத்திலேயே அச்சிட்டார். கலை வேறு, கைவினை வேறு என்ற பிரிவினையே நவீன மேற்கின் நோய் என்பது அவர் வாதம். 1917இல் பொஸ்ரன் நூதனசாலையில் இணைந்த பின்னரும், பேழைக்குள் இருப்பவை ஒருகாலத்தில் வாழ்வுக்குப் பயன்பட்டவை என்பதை அவர் வலியுறுத்தி வந்தார்.

ஆயினும் குமாரசுவாமியை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. கைவினைஞர் பெயரின்றி மறைவதை அவர் அகந்தையற்ற மரபின் சிறப்பாகக் கண்டார், சாதியமைப்பையும் இலட்சியப்படுத்தினார். நெய்பவரையும் வண்ணம் தோய்ப்பவரையும் செருப்புத் தைப்பவரையும் நமது சமூகம் எங்கே நிறுத்தியது என்ற கேள்வி அங்கே கரைந்துபோகிறது. பெயரின்மை எல்லோருக்கும் ஞானமல்ல. பலருக்கு அது விதிக்கப்பட்டது.

பொருட்களைத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அங்குள்ளவற்றை நிரந்தரமாகக் கையளிப்பதை 1983ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் பெருமளவு தடுப்பதால், அதற்கான அரசியற் போராட்டமும் தேவை. ஆனால் 1981இல் நூலகமொன்றைச் சாம்பலாகப் பறிகொடுத்த நாம், புகலிடத்தில் நமக்கான ஆவணக் காப்பகங்கள் பற்றிப் பேசும்போது, அங்கே யாருடைய பெயர்களை எழுதப்போகிறோம்? தலைவர்களதும் புலவர்களதும் பெயர்களை மட்டுமா? அப்படியாயின், போர்ப்ஸ் வொட்சனின் பட்டியலில் இல்லாத பெயர்கள் நமது பட்டியலிலும் இருக்கமாட்டா. அந்தக் குற்றத்தைச் சுமத்த அப்போது வெள்ளைக்காரரும் இருக்கமாட்டார்.